வல்தெமிராப் பாலத்தில் அந்தோனியாரைத் தூக்கியது தொடர்பாக

மொன்ட்ரியால்-நோர்
4 யூலை 2006

மதிப்புக்குரிய மச்சான் கிருபானந்தன் அவர்களுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தினாலும், காலையில் மூன்றும் மாலையில் இரண்டுமாக விழுங்கும் குளிசைகளின் உதவியாலும் நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் மச்சாளும் மகள் சஜிதாவும் ரொறன்ரோவில் அதைவிடச் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே வெயில் நன்றாக எறிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பல்கனியில் தக்காளி வைத்திருக்கிறார். இவ்வளவும் முறைக்காக எழுதினேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிறு மாலை நீங்கள் தொலைபேசி எடுத்தீர்கள். நான் ‘ஹலோ’ சொல்லி முடிக்குமுன்னரே, “ஸ்பெயினிலை கலியாணம் முடிச்சிட்டியளாம். சந்தோஷம். இருபத்திரண்டாந் திகதி எனக்கு வேற வேலை கிடக்கு,” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இருபத்திரண்டாந் திகதி உங்கள் தங்கை றோசாவின் ஐந்தாம் ஆண்டு நினைவுப் பூசை. நாலு வருடமும் நீங்கள் முதல்நாள் இரவே பஸ் எடுத்து வந்து, கோயிலில் முன்வாங்கில் என் வலப்பக்கம் இருந்து, பிறகு என் வீட்டில் சாப்பிட்டு, நான் வைத்த சொதியில் புளி கூட என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் வராவிட்டால் முன்வாங்கில் நான் எந்தப் பக்கம் இருப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆகவேதான் எழுதுகிறேன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவன் என்பதால் முதலில் எல்லை போடாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. இக்கடிதத்தில் அடங்குபவை பின்வருமாறு:

1. நாங்கள் ஸ்பெயினுக்குப் போக நேர்ந்த காரணம்.
2. வல்தெமிரா என்னும் ஊரும், அங்கே வெளியில் நடந்து பார்க்கத்தக்க இடங்களும்.
3. புனித அந்தோனியாரின் சுரூபத்தை நாங்கள் தூக்கிய விதம்.
4. சஜிதா உங்களுக்குக் காட்டிய படத்தில் காணப்படுவது முழுக்க முழுக்க ஒரு தவறு என்பதும், எங்கள் இருவருக்கும் அப்படி ஓர் எண்ணம் எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதும்.
5. இருபத்திரண்டாந் திகதி நீங்கள் வரவேண்டும் என்ற விண்ணப்பம்.

முதலாவது புள்ளி. எங்கள் பங்கின் முதியோர் குழுவில் பத்தொன்பது பேர் யூன் மாதம் லூர்து யாத்திரை போனோம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கடைசி இரண்டு இரவுகளுக்கு அறை கிடைக்கவில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போன பிரியந்தி, புரோசார்ட்டில் பயண முகவர் நிலையம் ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை, பஸ்ஸின் முன்னால் எழுந்து நின்று, மலைக்கு மற்றப் பக்கம் ஸ்பெயினில் ஒரு பழைய ஊர் இருக்கிறது, பள்ளத்தாக்குக்குள், அங்கே அறை பாதி விலை என்று அறிவித்தாள். “நல்ல வடிவான ஊர், அங்கிள்மார். கோட்டை இருக்கு, தொங்குபாலம் இருக்கு, கழுகு இருக்கு.” எங்கள் குழுவில் ஒருவரான அன்டன் பின்னாலிருந்து, “சாப்பாடு இருக்கோ?” என்று கேட்டார். “இருக்கு, பத்து மணிக்கு.” “காலமையோ?” “இரவு.” பஸ்ஸுக்குள் ஒரு முனகல் எழுந்தது. ஏனென்றால் எங்களில் பதினாலு பேர் ஆறு மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின் குளிசை எடுப்பவர்கள். ஆனாலும் போனோம். காரணம் இவ்வளவுதான். அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று நான் தனிப்பட்ட முறையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதற்குப் பஸ்ஸில் இருந்த எல்லோரும் சாட்சி.

ஆட்கள் தொலையக்கூடாது என்பதற்காக, வெளியே போகும்போது இரண்டிரண்டு பேராகத்தான் நடக்கவேண்டும் என்பது பிரியந்தியின் சட்டம். பட்டியலை என்னைத் தயாரிக்கச் சொன்னாள். எட்டுத் தம்பதிகள், பதினாறு பேர். பிரியந்தி தலைவி, அவளுக்குச் சோடி தேவையில்லை. மிச்சம் நானும் யோகராணியும். இதைச் செய்தது கணக்கு, நான் அல்ல. யோகராணி யார் என்று நீங்கள் கேட்கக்கூடும். பேசாலை ஊர்ப் பிள்ளை, பிள்ளை என்றால் அறுபத்தாறு வயது, கணவர் இறந்து ஒன்பது வருடம், எங்கள் றோசாவோடு பாடற்குழுவில் ஒன்றாக நின்று பாடியவர். தையல் தொழிற்சாலையில் பதினாறு வருடம் எல் சல்வடோர்ப் பெண்களுக்கு நடுவில் இருந்து தைத்தபடியால் ஸ்பானிய மொழி கொஞ்சம் கதைப்பார். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். நான் முதலாம் மாடி. இதை உங்களுக்கு முன்பே எழுதாதது மறைப்பதற்காக அல்ல. மாடி எண்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது புள்ளி. வல்தெமிரா ஒரு கையளவு ஊர். நாலு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றின் இக்கரையில் ஓட்டு வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, கோயில் கோபுரத்தில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, அவற்றின் அலகுச் சத்தம் தட்டச்சுப் பொறி போலிருக்கும். தெருக்கள் மிக ஒடுங்கியவை. ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் எதிர்வீட்டில் கண் கலங்கும் என்று நினைக்கிறேன், நான் பரீட்சித்துப் பார்க்கவில்லை. முதல்நாள் காலை கோட்டைக்கு ஏறினோம். விடுதியில் தந்த துண்டுப் பிரசுரத்தில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது படி என்று இருந்தது. நான் எண்ணியபோது இருநூற்று மூன்று வந்தது. இப்படியான வித்தியாசத்தை விட்டுவிட்டு என்னால் காட்சி பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே எண்ணுவதற்காக மறுபடி இறங்கினேன். சட்டப்படி சோடி என்பதால் யோகராணியும் இறங்கவேண்டி வந்தது. அவருக்கு இருநூற்றொன்று வந்தது. ஆகவே மூன்றாந்தரமும் எண்ணிக்கொண்டு ஏறினோம். மேலே பதினேழு பேர் நாற்பது நிமிடம் வெயிலில் நின்றார்கள். நான் உச்சியை அடைந்து, “இருநூற்று மூன்றுதான்,” என்று மூச்சு வாங்கியபடி சொன்னபோது ஒருவரும் கைதட்டவில்லை. யோகராணி மட்டும், “அந்த மிச்ச நாலு படியையும் நீங்களே வீட்டை கொண்டு போங்கோ, அண்ணை,” என்றார். கோட்டையிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும், செரித் தோட்டங்களும் ஆறும் பழைய கல்பாலமும், ஒரு நல்ல படவரைஞர் நிதானமாக உட்கார்ந்து வரைந்தது போலத் தெரியும். அங்கே புல்லில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அன்டன் நெஞ்சில் கைகளைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். சற்று நேரத்தில் ஏழு கழுகுகள் அவருக்கு நேர் மேலே வட்டமிடத் தொடங்கி, வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டு வந்தன. அவருடைய மனைவி குடையை விரித்து ஆட்டி, “இன்னும் இல்லை, இன்னும் இல்லை!” என்று கத்தினார்.

பின்னேரம் தொங்குபாலம். இரு மலைக்கும் நடுவில் கம்பியில் பலகை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அறுபது மீற்றர் நீளம், ஒரே நேரத்தில் ஆறு பேர் மாத்திரம். நான் சரியாக முப்பதாவது மீற்றரில் நின்றுவிட்டேன். நிற்கத் தீர்மானித்து நிற்கவில்லை, கால்கள் தாங்களாகவே அலுவலகத்தை மூடிவிட்டன. எனக்குப் பின்னால் ஒரு ஜேர்மன் குடும்பமும் ஒரு நாயும் காத்திருந்தன. யோகராணி என்னைத் தாண்டி முன்னால் போய் நின்று, திரும்பாமலே, “கீழ பாக்காதேங்கோ. மேலயும் பாக்காதேங்கோ. என்ரை செருப்பைப் பாருங்கோ. அது போற இடத்துக்கு நீங்களும் வாங்கோ,” என்றார். அப்படியே வந்தேன். ஆகவே, அந்தப் பாலத்திலிருந்து தெரியும் காட்சி ஐரோப்பாவிலேயே சிறந்தது என்று பிரசுரத்தில் இருந்தாலும் அதைப்பற்றி என்னால் உங்களுக்கு எழுத முடியாமலிருக்கிறது. செருப்பைப் பற்றி எழுதலாம். மண்ணிற வார், இடது காலில் மட்டும் நீல நூலால் தைத்தது, எட்டுத் தையல்.

இரண்டாவது புள்ளி நீண்டுவிட்டது. மன்னிக்கவும். மூன்றாவதைத் தள்ளிப் போடுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதிலும் உண்மை இருக்கலாம்.

மூன்றாவது புள்ளி. மறுநாள் யூன் பதினாலு, புதன்கிழமை. அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள். மூன்று மணியளவில் கல்பாலத்தைப் பார்ப்பதற்காக ஊருக்குள்ளால் நடந்தோம். ஒரு மனுசன் இல்லை. கடைகள் பூட்டு, யன்னல்கள் சாத்து, நாய்கூட இல்லை. பாலத்தின் தொடக்கத்தில் ஒரு மரநிழலில், இரண்டு முக்காலிகளின் மேல், தூக்கும் தண்டுகளோடும் புது லீலிப்பூக்களோடும், கையில் பாலகனைப் பிடித்தபடி அந்தோனியார் தன்னந்தனியாக நின்றார். கீழே ஒரு பூனை படுத்திருந்தது.

நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். மச்சான், இந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தாலும் என்ன செய்திருப்பீர்கள் என்று தயவுசெய்து யோசியுங்கள். எங்களுடைய ஊர்களில் பூ வைத்து அலங்கரித்த சுரூபம் தண்டோடு தெருவில் நின்று, தோள் கொடுக்க ஆளில்லை என்றால், அது ஊருக்கு எவ்வளவு பெரிய வெட்கம்!

“பாத்தியளே, அருமைராசா அண்ணை,” என்றார் அன்டன். “அந்தோனியாரை நடுறோட்டிலை விட்டிட்டுப் போட்டாங்கள்.”

“அங்கிள், இது அவையின்ரை விஷயம். ஒருத்தரும் தொடக்கூடாது,” என்றாள் பிரியந்தி.

“பிள்ளை, தூக்க ஆளில்லாமல் நிக்கிறார். நாங்கள் பாத்துக்கொண்டு போறதே?” என்றார் யோகராணி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பார்த்தேன். அதில், திருநாளுக்கு மறுநாள் மூன்று மணிக்குச் சுரூபம் பாலத்தைக் கடந்து அக்கரையிலுள்ள சிற்றாலயத்துக்குத் திரும்பும் என்று தெளிவாக நேர அட்டவணை போட்டிருந்தது. மணி மூன்று பத்து. அட்டவணை பிந்திவிட்டது. அட்டவணை பிந்துவதை என்னால் சகிக்க முடியாது. “தூக்கலாம்,” என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான், அதை மறைக்கவில்லை. அந்தப் பிரசுரம் பதினொரு வருடத்துக்கு முன் அச்சடித்தது என்பதைப் பின்பக்கத்தின் அடியில் மிகச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

ஆண்கள் ஒன்பது பேரில் மூவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை, இருவருக்கு முழங்கால், ஒருவருக்கு இடுப்பு, ஒருவர் விடுதியில் நித்திரை. மிஞ்சியது அன்டனும் நானும். தண்டு நாலு முனை. பிரியந்தியை அன்டன் அதட்டி இணங்க வைத்தார், யோகராணி கேட்காமலே சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து நின்றார். இனி ஒழுங்கு. தூக்குகிறவர்கள் உயரம் ஒத்திராவிட்டால் சுரூபம் சாயும். அறுபத்தெட்டாம் வருடம் சந்தியோகுமையார் திருநாளில் உங்களை இடது பின்தண்டில் விட்டதால் அவர் கோயில் சுற்றி முடியும்வரை வானத்தைப் பார்த்தபடியே போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே என் சட்டைப்பையிலிருந்த அளவு நாடாவால் நாலு பேரையும் அளந்தேன். அன்டன் ஐந்தடி பத்து, பிரியந்தி குதிச்செருப்போடு ஐந்தடி ஒன்பது. அவர்கள் பின்னால். நான் ஐந்தடி மூன்றரை. யோகராணி ஐந்தடி மூன்றரை. அரை அங்குலத்துக்குக்கூட வித்தியாசம் இல்லை. நாங்கள் முன்னால். இது முழுக்க அளவீட்டின் முடிவு. குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது, வந்தால் காட்டுவேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித் தூக்கினோம். தூக்கிய அதே கணத்தில் ஊர் முழுவதும், சாத்திய யன்னல்களுக்குப் பின்னாலிருந்து, ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. “பாத்தியளே, சனத்தின்ரை சந்தோஷத்தை!” என்று அன்டன் யன்னல்களைப் பார்த்து, “மெர்சி! மெர்சி!” என்று தலை வணங்கினார். பின்னால் வந்தவர்கள் அந்தோனியார் பாட்டைத் தொடங்கினார்கள். பாலத்தில் ஏறும்போது, நாலு நிமிடத்தில், மறுபடி ஓர் ஆரவாரம், முந்தினதைவிடப் பெரிது. சில பெண்கள் அழுதார்கள். ஸ்பெயின் தேசத்துக்கும் உக்ரைனுக்கும் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் அந்நேரம் நடந்துகொண்டிருந்தது என்பதோ, ஊர் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது என்பதோ, அந்தோனியாரை ஏற்றிப் போகவேண்டிய வான் வண்டியின் சாரதியும் அவர்களில் ஒருவர் என்பதோ எங்கள் பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

பாலத்துக்கு நடுவில் ஒரு முதுகு இருக்கிறது. ஏறும்வரை என் ஒழுங்கு மிகச் சரியாக இருந்தது, குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், அந்தோனியார் நேர்மட்டம். இறங்கும்போதுதான் நான் யோசிக்காத விஷயம் தெரிந்தது. அவர் முன்னால் சரிந்து, என்னையும் யோகராணியையும் குனிந்து பார்த்தபடியே அக்கரைக்கு வந்தார்.

சிற்றாலயத்தின் கதவு பூட்டியிருந்தது. வாசலில் ஒரு நீளமான கல்மேடை இருந்தது. அதில் இறக்கி வைத்தோம். ஆனால் சுரூபம் உள்ளே போகுமட்டும் முன்தண்டுக்காரர் கையை எடுக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை. ஆகவே யோகராணியும் நானும் தண்டில் கை வைத்தபடி நின்றோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருப்போம். இடையில் இரண்டு ஆரவாரம் கேட்டது. என்ன கதைத்தோம் என்று நீங்கள் கேட்டால், முழங்கால் வலியைப் பற்றியும், றோசா பாடற்குழுவில் எப்போதும் அரைத் தாளம் முந்திப் பாடுவதைப் பற்றியும் கதைத்தோம். யோகராணி அதைப் பாடிக் காட்டினார். அச்சொட்டாக அப்படியே இருந்தது. நான் சிரித்தேன்.

ஐந்து மணிக்குச் சனம் வந்தது. இருநூறு பேர் இருக்கும், எல்லோரும் சிவப்புச் சட்டை, முகத்தில் சிவப்பும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். நாலுக்குச் சூனியம் என்று வென்ற சந்தோஷத்தோடு பாலத்தடிக்கு வந்தவர்கள் முக்காலியையும் பூனையையும் மாத்திரம் கண்டு, அந்தோனியாரைக் களவெடுத்துவிட்டார்கள் என்று குழறி, விழுந்து கிடந்த லீலி இதழ்களைப் பார்த்துப் பார்த்துப் பாலத்தைக் கடந்து வந்திருக்கிறார்கள். எங்களைக் கண்டதும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்பதற்காக வாயைத் திறந்தேன், எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் மூடினேன். ஒரு வயதான பெண் மட்டும் முன்னால் வந்து, முன்தண்டைப் பிடித்திருந்த என்னையும் யோகராணியையும் ஏற இறங்கப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கூச்சல் போட்டார். அவ்வளவுதான். மணி அடித்தது. எங்கிருந்தோ கோதுமை வந்தது, எங்கள் தலையில் கொட்டினார்கள். பாதர் ஓடிவந்து, ஒரு வெள்ளை நாடாவால் என் இடது மணிக்கட்டையும் யோகராணியின் வலது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினார். எங்கள் ஊரில் சுரூபக் கூடு தூக்கியவருக்குப் பொன்னாடை போர்ப்பதில்லையா, அதுபோல இது தூக்கியவர்களுக்கான மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். பின்தண்டுக்காரருக்கு ஏன் கட்டவில்லை என்று அன்டன் கோபித்துக்கொண்டார்.

பிறகு ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். கோடு போட்டு நிரல் பிரித்த புத்தகம். நிரல் போட்ட புத்தகத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. “என்ன எழுதியிருக்கு?” என்று யோகராணியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு, தலைப்பை ஒருமுறை வாசித்து, இன்னொருமுறை வாசித்து, “பேரும் ஊரும் எழுதட்டாம்,” என்றார். எழுதினேன். அவரும் எழுதினார். எங்களுக்கு முந்தின வரி பதினொரு வருடம் பழையது. பாவம், இந்த ஊருக்கு ஆட்கள் வருவது குறைவு என்று நினைத்து, கடைசி நிரலில் ஆங்கிலத்தில், ‘மிக நல்ல பாலம். மேற்குக் கைப்பிடிச் சுவரைப் பழுதுபார்க்கவும்’ என்றும் சேர்த்தேன்.

இரவு பத்து மணிச் சாப்பாட்டில்தான் விடுதிக்காரி பிரெஞ்சில் பிரியந்திக்கு முழுவதையும் விளக்கினாள். திரும்பும் நாளில் முன்தண்டு இரண்டையும் தூக்குவது அந்த ஊரில் வருடத்துக்குள் கலியாணம் செய்ய வாக்குக் கொடுத்த சோடி மாத்திரமாம். இளம் ஆட்கள் எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்டபடியால் பதினொரு வருடமாக ஒரு சோடியும் முன்வரவில்லை. அந்த வெட்கத்தில் அந்தோனியாரை வான் வண்டியில் ஏற்றி அனுப்பி வந்திருக்கிறார்கள். பிரியந்தி இதை எழுந்து நின்று எல்லோருக்கும் தமிழில் சொல்லி முடிக்குமுன்னர் மேசையில் தலையை வைத்துச் சிரித்துவிட்டாள்.

“அங்கிள், நீங்கள் புத்தகத்திலை கையெழுத்தும் வச்சிட்டியள்!”

“எட, மாப்பிளை!” என்றார் அன்டன். “எனக்கு நாடா கட்டாத காரணம் இப்ப விளங்குது.”

யாரோ யோகராணியைப் பார்த்து, “உங்களுக்கு அவையின்ரை பாஷை தெரியுமெல்லோ, விளங்கேல்லையே?” என்று கேட்டார்கள்.

“சனம் போட்ட சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை,” என்று சொல்லி யோகராணி பாண் துண்டொன்றை எடுத்துத் தரச் சொன்னார். சத்தம் உண்மையில் அதிகம்தான். அதற்கு நானே சாட்சி.

புறப்படும் காலையில் ஊரார் ஒரு முழுப் பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்தியதாகப் பரிசு தந்தார்கள். மொன்ட்ரியால் விமான நிலையத்தில் சுங்கப் படிவத்தில் நான் அதை உள்ளபடி எழுதினேன். அதிகாரி, இறைச்சி கொண்டுவர முடியாது என்று எடுத்துக்கொண்டு, கூடவே இருந்த, ஊராட்சி எழுதித் தந்த கலியாண வாழ்த்துக் கடதாசியை வாசித்துவிட்டு, எழுந்து நின்று எங்கள் இருவருக்கும் பிரெஞ்சில் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். விளக்கம் சொல்ல நினைத்தேன், பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

நாலாவது புள்ளி. பிரியந்தி பங்கு ஆட்கள் எல்லோருக்கும் அனுப்பி, சஜிதா உங்களுக்குக் காட்டிய படத்தில் மூன்று விஷயங்கள் தெரிகின்றன என்று அறிகிறேன். நாடா, கோதுமை, சிரிப்பு. நாடாவுக்கும் கோதுமைக்கும் விளக்கம் மேலே தந்துவிட்டேன். சிரிப்புக்குக் காரணம் ஒரு கோதுமை மணி என் காதுக்குள், கேட்கும் கருவிக்குப் பக்கத்தில், விழுந்தது. யோகராணியின் சிரிப்புக்குக் காரணம் எனக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் மீன்குழம்பு கொண்டுவருகிறார். அது நான் அவருடைய பெட்டியைத் தூக்கியதற்காக. மெத்ரோவில் ஒன்றாகப் போகிறோம். அது இருவருக்கும் ஒரே வைத்தியர் என்பதற்காக. என் குளிசைப் பெட்டியை அவர்தான் கிழமைக்கிழமை அடுக்கித் தருகிறார். அது என் கண் மங்கலுக்காக. இவற்றில் எதையும் வேறுவிதமாக எடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் என்னை எப்போதும் ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்பெயினிலிருந்து வந்த பிறகு அந்தச் சொல் என் காதில் விழவில்லை என்பது உண்மை, அது கருவியின் மின்கலம் பலவீனமாக இருப்பதால் என்று நினைக்கிறேன். ஆகவே எங்கள் இருவருக்கும் அப்படி ஓர் எண்ணம் எக்காலத்திலும் இருந்ததில்லை.

ஐந்தாவது புள்ளி. தகப்பன் இல்லாத வீட்டில் றோசாவை வளர்த்து எனக்குத் தந்தவர் நீங்கள். அவளுடைய ஆண்டுப் பூசைக்கு நீங்கள் வராவிட்டால் அது பூசையாக இருக்கும், ஆனால் றோசாவுடையதாக இருக்குமோ தெரியாது. பதினொரு மணிக்குப் பூசை. பஸ் நிலையத்துக்கு நான் ஒன்பது மணிக்கே வந்து நிற்பேன். சொதிக்குப் புளி குறைப்பேன்.

மச்சாளுக்கு என் வணக்கத்தையும், சஜிதாவுக்கு, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம் என்ற அன்பான வேண்டுகோளையும் சொல்லவும். உங்கள் வீட்டில் சமாதானமும், உங்கள் முழங்காலில் எண்ணெயும் என்றும் குறையாதிருக்க மன்றாடும்,

தாழ்மையுள்ள மச்சான்,
யோ. அருமைராசா

பிற்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் இடப்போனபோது ஒரு சந்தேகம் வந்தது. நாலாவது புள்ளி இரண்டு பேர் சார்பில் எழுதியது. மற்றவருக்குக் காட்டாமல் அனுப்புவது முறையல்ல. ஆகவே மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனேன். யோகராணி மாக் குழைத்த கையைக் கழுவிவிட்டு வந்து, கதவடியில் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எல்லாம் வடிவாய்த்தான் எழுதியிருக்கிறியள்,” என்றார். “நாலாவதிலை ‘எங்கள் இருவருக்கும்’ எண்டு கிடக்கு. அதிலை என்ரை பங்கை மட்டும் வெட்டிவிடுங்கோ.”

“ஏன்?” என்று கேட்டேன்.

“பொய் எழுதி அனுப்பக் கூடாது. அதுவும் றோசாவின்ரை அண்ணைக்கு,” என்று சொல்லிக் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, அடுப்பில் சட்டி இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

கீழே வந்து, அடிமட்டத்தை வைத்து, அவருடைய பங்கை நேர்கோடாக வெட்டலாம் என்று உட்கார்ந்தேன். அதை வெட்டினால் மிஞ்சுவது என்னுடைய பங்கு மாத்திரம். அதைத் தனியாக வாசித்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாசித்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் கையெழுத்து வைத்த ஒரு படத்திலும் இல்லாததை இருப்பதாகக் காட்டியதில்லை, இருப்பதை இல்லாததாகவும் காட்டியதில்லை. எதையும் வெட்டவில்லை. நீங்கள் முழுவதையும் பார்க்கவேண்டும் என்று அப்படியே அனுப்புகிறேன்.

இனி நீங்கள் வருவதா இல்லையா என்பது உங்கள் கையில். வந்தால் முன்வாங்கில் என் வலப்பக்கம் எப்போதும் உங்களுடையதுதான். இடப்பக்கத்தைப் பற்றி உங்களிடம்தான் கேட்கவேண்டும், நேரில் கேட்கிறேன். மற்றப் புள்ளிகள் சரி என்றே நினைக்கிறேன், மச்சான். நாலாவது பிழை.